மடங்குவதை அளப்பது எளிது: மூட்டு மாற்றுக்குப் பின் வரும் கருவிகளின் கதை

2021 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு செயற்கை முழங்கால் மூட்டுக்கு அனுமதி அளித்தது. பெர்சோனா ஐக்யூ என்று அதற்குப் பெயர். ஜிம்மர் பயோமெட், கேனரி மெடிக்கல் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து செய்தது. கீழ்க்கால் எலும்புக்குள் இறங்கும் அதன் தண்டுப் பகுதியில் அசைவை உணரும் சென்சார்களும் பேட்டரியும் ஆன்டெனாவும் அடைக்கப்பட்டிருக்கின்றன. நோயாளி ஒரு நாளில் எத்தனை எட்டு வைத்தார், என்ன வேகத்தில் நடந்தார், எட்டின் நீளம் என்ன, நடக்கும்போது மூட்டு எவ்வளவு அசைந்தது என்பதையெல்லாம் மூட்டே குறித்துக்கொண்டு, வீட்டில் வைத்திருக்கும் ஒரு சிறு பெட்டிக்கு வானொலி அலை வழியாக அனுப்பிவிடும். அங்கிருந்து அது மருத்துவரின் திரைக்குப் போகும்.

அந்தக் கருவியின் பயன்பாட்டுக் குறிப்பில் ஒரு வாசகம் இருக்கிறது. இந்தத் தரவுகள் சிகிச்சை முடிவெடுப்பதற்குத் துணையாக உருவாக்கப்பட்டவை அல்ல. இவற்றால் மருத்துவப் பலன் உண்டு என்று காட்டப்படவும் இல்லை என்பது அதன் பொருள். நேர்மையான வாசகம். முழங்கால் மறுவாழ்வுக்கான, அதாவது அறுவைக்குப் பின் காலைப் பழையபடி இயங்கவைக்கும் பயிற்சிக்கான, இணையத்தோடு இணைந்த கருவிகளை வடிவமைக்க விரும்பும் எவரும் தம் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய வாசகமும்கூட. எலும்புக்குள்ளேயே சென்சாரைக் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. ஆனால் அது சொல்லும் எண்ணை வைத்து யார், என்ன செய்ய வேண்டும் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.

சென்சார் பொதிந்த மூட்டுகள் இதற்கு முன்பும் உண்டு. பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் ஐந்து நோயாளிகளுக்கு அப்படிப்பட்ட மூட்டுகளைப் பொருத்தி, 2010இல் அளவீடுகளை வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டின்மேல் விழும் உச்சச் சுமை உடல் எடையைப்போல் சராசரியாக 2.6 மடங்கு. படி இறங்கும்போது ஏறக்குறைய 3.5 மடங்கு. அங்கே மூட்டின்மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்ற கேள்விதான் முதலில் இருந்தது. அதற்குப் பிறகே சென்சார் வந்தது. படி இறங்கும்போது அறுவை செய்த காலை முதலில் கீழே வைக்கும்படி பிசியோதெரபிஸ்டுகள் சொல்வதன் நியாயமும் இந்த எண்ணில் தெரிகிறது. மேல்படியில் நிற்கும் கால்தான் உடலைத் தாங்கி மெல்ல இறக்குகிறது. அந்த வேலையை நல்ல கால் செய்யட்டும்.

சந்தைக்கு வரும் கருவிகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. செல்பேசிகளின் தயவால் அசைவுணரிகள் மலிவாகக் கிடைக்கின்றன. கிடைப்பதால் பொருத்துகிறோம். பொருத்திய பின் அவை எதைச் சுலபமாகத் தருகின்றனவோ அதையே மறுவாழ்வின் அளவுகோலாக்கிவிடுகிறோம். சுலபமாகத் தருவது, முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியது என்ற எண்.

மடங்குவது முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. சமதரையில் நடக்க ஏறக்குறைய 65 முதல் 70 டிகிரி வரை மடங்க வேண்டும். நாற்காலியிலிருந்து இயல்பாக எழ 90 டிகிரிக்குச் சற்று மேல் வேண்டும். ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகியும் 90ஐ எட்டாவிட்டால், மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிட வேண்டுமா என்று அறுவை மருத்துவர் யோசிக்கத் தொடங்குவார். ஆகவே எண்ணுக்கு மதிப்பு உண்டு. ஆனால் நோயாளியை வீட்டில் நிலைகுலைய வைப்பது பெரும்பாலும் மடக்கம் அன்று, தொடையின் முன்தசை.

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டு மாற்றிய ஒரு மாதத்துக்குப் பின் தொடை முன்தசையின் வலு, அறுவைக்கு முன் இருந்ததைவிட 62 சதவீதம் குறைந்திருந்தது. தசை இளைத்ததால் மட்டும் இப்படி ஆவதில்லை. மூட்டில் நீர் கோத்து வீங்கினால், அந்தத் தசைக்குக் கட்டளை அனுப்புவதை நரம்பு மண்டலமே தடுத்துவிடுகிறது. நோயில்லாத முழங்காலுக்குள் உப்புநீரைச் செலுத்தினாலே தொடைத் தசை தளர்ந்துபோவதை ஆய்வுக்கூடங்களில் காட்டியிருக்கிறார்கள். காலைத் தூக்குங்கள் என்று சொல்கிறோம். அவர் மனதாரத் தூக்க முயல்கிறார். கால் கேட்க மறுக்கிறது. சோம்பல், பயம், ஒத்துழைக்காத நோயாளி என்று நாம் பேர் வைப்பதில் பாதிக்கு மேல் இந்தத் தடைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே தவறான வரிசைக்கு ஒரு பழைய முன்னுதாரணம் இருக்கிறது. கனடாவின் டொரொன்டோவில் ராபர்ட் சால்டர் என்ற எலும்பியல் மருத்துவர், மூட்டை அசையாமல் கட்டிப்போடுவது குருத்தெலும்புக்குக் கெடுதல், இடைவிடாமல் மெல்ல அசைப்பது நன்மை என்று 1970 முதல் முயல்களில் ஆராய்ந்தார். 1978இல் ஜான் சாரிங்கர் என்ற பொறியாளரோடு சேர்ந்து மனிதர்களுக்கான கருவியை உருவாக்கினார். படுத்திருப்பவரின் காலை மோட்டார் பொருத்திய தொட்டிலில் வைத்தால், அதுவே மணிக்கணக்கில் மடக்கி நீட்டும். குருத்தெலும்பு ஆறுவதற்காகப் பிறந்த அந்த யோசனை, மூட்டு மாற்றியவர்களின் படுக்கைகளுக்கும் பரவியது. எத்தனையோ மருத்துவமனைகள் வாங்கின. 24 சோதனைகளை, 1,445 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) மறுஆய்வில் தெரியவந்தது, மடக்கத்தில் அதனால் கூடியது ஏறக்குறைய இரண்டே டிகிரி. இரண்டு டிகிரி யாருடைய வாழ்க்கையையும் மாற்றாது. கால் அசைந்தது, ஆனால் அசைத்தது நோயாளி அல்ல, மோட்டார். தொடைத் தசை அந்த மணிநேரம் முழுவதும் உறங்கிக்கொண்டிருந்தது.

சரி, மடக்கத்தை அளப்பதாவது உண்மையில் எளிதா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிது. செய்து பார்த்தவருக்குத்தான் அதன் குழிகள் தெரியும்.

வழக்கமான ஏற்பாடு இது: தொடையில் ஒரு சென்சார், கெண்டைக்காலில் ஒரு சென்சார். ஒவ்வொன்றிலும் முடுக்கமானியும் சுழல்மானியும். இரண்டும் எந்தத் திசையில் சாய்ந்திருக்கின்றன என்று கண்டுபிடித்தால் அவற்றுக்கு இடையிலுள்ள கோணம் கிடைக்கும். சுழல்மானி நேரடியாகக் கோணத்தைச் சொல்லாது. எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதையே சொல்லும். அதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நொடிக்கு 0.1 டிகிரி பிழை இருந்தால்கூட, ஒரு நிமிடத்தில் 6 டிகிரி தவறிவிடும். இதைச் சரிசெய்ய முடுக்கமானி உதவும். கால் அசையாமல் இருக்கும்போது புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று அது காட்டும். ஆனால் குதிகால் தரையில் மோதும்போது அதுவும் தடுமாறும். திசைகாட்டிபோல் வடக்கைக் காட்டும் காந்தமானி ஒன்றையும் சேர்க்கலாம் என்றால், நம் வீடுகளில் இரும்புக் கட்டில் இருக்கிறது, இரும்பு பீரோ இருக்கிறது. வடக்கு எது என்று அதற்குக் குழம்பிவிடும்.

இதற்கு ஓர் அழகான வழியை பெர்லினைச் சேர்ந்த தாமஸ் சீலும் சக ஆய்வாளர்களும் 2014இல் எழுதினார்கள். முழங்கால் ஏறக்குறைய கதவின் கீல் போன்றது. தொடையும் கெண்டைக்காலும் தம் விருப்பப்படி அசைய முடியாது; ஒரே அச்சைச் சுற்றித்தான் திரும்பியாக வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டையே கணக்கில் சேர்த்தால், கால் அசையும்போதே அந்த அச்சு எங்கே என்று கருவி கண்டுபிடித்துவிடும், காந்தமானி தேவைப்படாது. செயற்கைக் காலில் இந்த முறையின் பிழை ஒரு டிகிரிக்கும் குறைவு. உயிருள்ள மனிதக் காலில் ஏறக்குறைய மூன்று டிகிரி. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவில் கணக்கைவிடச் சதைக்கே பங்கு அதிகம். எலும்பு திரும்பும்போது மேலுள்ள தசையும் கொழுப்பும் தோலும் தம் போக்கில் குலுங்குகின்றன. கீழ்க்காலில் முன்னெலும்பு தோலுக்கு அடியிலேயே இருப்பதால் தொல்லை குறைவு. தொடையில்தான் சிக்கல்.

ஆனால் மூன்று டிகிரியைவிடப் பெரிய குழி வேறொன்று. எல்லாக் கோணமானிக்கும் ஒரு சுழியம் வேண்டும். பல கருவிகள் முதல்நாளில் நோயாளியிடம் சொல்லும்: காலை நேராக நீட்டி நில்லுங்கள். அவர் நிற்பார். அந்த நிலையைச் சுழியம் என்று கருவி குறித்துக்கொள்ளும். யோசித்துப் பாருங்கள். அவரால் காலை முழுதாக நீட்ட முடியாது என்பதுதானே அவருடைய குறையே! பத்து டிகிரி வளைந்த காலோடு நிற்பவரை நேராக நிற்பதாகக் கருவி எழுதிக்கொண்டால், அடுத்த மூன்று மாதமும் அந்தப் பத்து டிகிரி யார் கண்ணுக்கும் படாது. முழுதாக நீளாத கால், போதுமான அளவு மடங்காத காலைவிட நடையை அதிகமாகக் கெடுக்கும். ஒவ்வொரு எட்டிலும் தொடைத் தசை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும், நொண்டல் நிலைத்துவிடும். திரையிலோ பச்சை விளக்கு எரியும்.

இதைத் தவிர்க்கும் வழி கணினியில் இல்லை. பிசியோதெரபிஸ்ட் தம் சாதாரணக் கோணமானியைப் பிடித்து, தொடையெலும்பின் மேல்முனையிலுள்ள பக்கமேடு, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்காலின் வெளிமேடு என்ற மூன்று புள்ளிகளை நேர்ப்படுத்தி ஒருமுறை அளந்து, இன்று நீட்டத்தில் 10 டிகிரி குறை என்று செயலியில் பதிய வேண்டும். அதிலிருந்து கருவி தன் சுழியத்தை அமைத்துக்கொள்ளலாம். தானாகவே எல்லாம் செய்துவிடும் கருவி என்று விளம்பரப்படுத்த விரும்பும் நிறுவனத்துக்கு இந்த ஒரு படி உறுத்தும். உறுத்தட்டும், அந்தப் படியை எடுத்துவிட்டால் கருவி பொய் சொல்லும்.

இன்னொன்று. அறுவை முடிந்த முதல் வாரத்தின் அடிப்படைப் பயிற்சி எது? காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து நொடி பிடித்து விடுவது. உறங்கும் தொடைத் தசையை எழுப்பும் பயிற்சி அதுதான். அதில் மூட்டு அசைவதே இல்லை. கோணத்தை மட்டும் பார்க்கும் கருவியின் கணக்கில், நூறு முறை அழுத்தியவரும் படுத்து உறங்கியவரும் ஒன்றே. மிகத் தேவையான பயிற்சிக்கு மதிப்பெண் பூஜ்யம் என்றால், நோயாளி மதிப்பெண் கிடைக்கும் பயிற்சிக்குத்தான் போவார். துண்டுக்குப் பதிலாகக் காற்றடைத்த சிறு பை ஒன்றை வைத்து அதன் அழுத்தத்தை அளந்தால் இந்தக் குறை பெருமளவு தீரும். இரத்த அழுத்தமானியின் கைப்பட்டையை அப்படியே முழங்காலுக்கு அடியில் வைத்து, முள் ஏறுவதைக் காட்டி நோயாளியை ஊக்குவிக்கும் பிசியோதெரபிஸ்டுகள் உண்டு. அந்தப் பழக்கத்தைப் பார்த்தே ஒரு நல்ல கருவியை வரைந்துவிடலாம். தசையின் மின்குறிப்பைப் படிக்கும் ஒட்டுமின்வாய்களும் இதைச் செய்யும். ஆனால் அவற்றை நாள்தோறும் சரியான இடத்தில் ஒட்டுவது வீட்டில் இருப்பவர்களுக்குச் சிரமம்.

சென்சாரைக் காலில் கட்டும் பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தையலோ உலோகக் கொக்கிகளோ முழங்காலின் நடு முன்பக்கத்தில் ஓடுகின்றன. அங்கே எதுவும் படக்கூடாது. வீக்கத்தால் காலின் சுற்றளவு வாரத்துக்கு வாரம் மாறும். தொடை மேலே பருத்துக் கீழே சிறுக்கும் கூம்பு. நடக்க நடக்கப் பட்டை கீழே வழுக்கும். இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைபடும். இரத்தக் கட்டி உருவாகும் அபாயம் உள்ள வாரங்கள் இவை. அறுபது எழுபது வயதுக்காரர் குனிந்து கெண்டைக்காலை எட்டவே முடியாத நிலையில் இருப்பார். ஒரு கையால் மாட்ட முடிகிறதா, வியர்வையில் தோல் புண்ணாகிறதா, துவைக்க முடிகிறதா என்பவை சென்சாரின் நுட்பத்தைவிடப் பெரிய கேள்விகள். தோலின் வெப்பத்தை அளந்து தொற்றை முன்கூட்டியே கண்டுபிடிப்பதாகச் சொல்லும் யோசனைகளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எந்தத் தொற்றும் இல்லாத முழங்கால்கூட அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் மறு காலைவிடச் சூடாகவே இருக்கும்.

தரவை அனுப்புவது ஒப்பீட்டில் சிறிய வேலை. ஒரு சென்சார் ஆறு அளவுகளை நொடிக்கு நூறு முறை, ஒவ்வொன்றும் இரண்டு பைட்டாக எழுதினால் நொடிக்கு 1,200 பைட். இரண்டு சென்சாருக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 8.6 மெகாபைட். புளூடூத் இதைத் தாங்கும், பேட்டரி வாடும். கருவிக்குள்ளேயே கோணத்தைக் கணக்கிட்டு, எத்தனை முறை, எவ்வளவு தூரம், எவ்வளவு சீராக என்ற சுருக்கத்தை மட்டும் அனுப்பினால் போதும். செல்பேசி அருகில் இல்லாவிட்டாலும் ஒரு வாரத் தரவைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் அந்தச் செல்பேசி பெரும்பாலும் மகனுடையது. காலையில் அவரோடு அலுவலகம் போய்விடும்.

இனி, இவை வேலை செய்கின்றனவா? அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் நடத்தி 2020இல் வெளிவந்த வெரிடாஸ் சோதனை நல்ல சான்று. மூட்டு மாற்றிய 306 பேர். ஒரு பாதியினர் வழக்கமான பிசியோதெரபிக்குப் போனார்கள். மறு பாதியினரின் வீட்டில், வீடியோ விளையாட்டுகளுக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய கினெக்ட் என்ற அசைவறியும் கேமராவோடு ஒரு திரை. திரையில் ஓர் உருவம் பயிற்சியைச் செய்து காட்டும். நோயாளியின் அசைவைக் கேமரா கவனிக்கும். தொலைவிலிருந்து பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தொடர்ந்து பார்த்துப் பேசுவார். ஆறு வாரத்தில் செயல்திறனில் வீட்டு முறை வழக்கமான முறைக்குக் குறைந்ததாக இல்லை. பன்னிரண்டு வாரச் செலவின் இடைநிலை மதிப்பு வழக்கமான முறையில் 2,805 டாலர்; வீட்டு முறையில் 1,050. மறுபடி மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகளும் வீட்டு முறையில் குறைவு. ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் கேமராவின் உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் 2017லேயே நிறுத்திவிட்டது. ஆய்வு முடிவு இதழில் வரும்போது, ஆராயப்பட்ட கருவியின் கண் சந்தையில் இல்லை. விளையாட்டுப் பொருளின் மேல் மருத்துவக் கருவியைக் கட்டுபவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு சோதனையை வைக்க வேண்டும். பிலடெல்பியாவில் 290 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து 2019இல் வெளியிட்டார்கள்: பிசியோதெரபி நிலையத்துக்குப் போனவர்கள், இணையவழிப் பயிற்சி பெற்றவர்கள், அச்சிட்ட கையேடு மட்டும் பெற்றவர்கள். மடக்கத்தில் மூன்று பிரிவும் ஒன்றுக்கொன்று குறைந்ததாக இல்லை. பெரும் சிக்கல் இல்லாத நோயாளிக்கு ஒரு காகிதக் கையேடே போதுமானதாக இருந்திருக்கிறது. கருவி செய்பவர்களுக்குக் கசப்பான செய்தி இது. ஆனால் வடிவமைப்பின் இலக்கை இதுவே தெளிவாக்குகிறது. எல்லாருக்கும் விற்கும் கருவி தேவையில்லை. காகிதம் போதாதவர் யார் என்பதை முதல் இரண்டு வாரத்திலேயே கண்டுபிடிக்கும் கருவி தேவை.

என் தாயாருக்கு மூட்டு மாற்றியபோது, பயிற்சிப் படங்கள் அச்சிட்ட ஒரு தாளை பீரோக் கதவில் ஒட்டினோம். பத்து நாள் வரை அந்தத் தாள் போதுமானதாக இருந்தது. பிறகு வலியும் அலுப்பும் சேர்ந்து பயிற்சி பாதியாகக் குறைந்தது. எங்களில் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் இதே அறுவை செய்துகொண்ட பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாலை வந்து, “இன்றைக்கு எத்தனை தடவை செய்தீர்கள் அம்மா?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அன்று முதல் நாள்தோறும் நாலு மணிக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். அந்தப் பதினோராம் நாளைக் கண்டுபிடிக்கும் வேலையைத்தான் ஒரு கருவியிடம் நான் எதிர்பார்க்கிறேன். கண்டுபிடித்ததும் செய்தியை வரைபடமாக ஒரு திரையில் போடுவதோடு நிற்காமல், ஒரு மனிதரின் தொலைபேசி அழைப்பாக அது மாற வேண்டும்.

அந்த அழைப்பைச் செய்பவர் யார், அவருக்கு யார் ஊதியம் தருவது? இதுதான் சென்சாரைவிடக் கடினமான பொறியியல். அமெரிக்காவில் பெரும்பாலும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் 2022 முதல் தொலைவழிச் சிகிச்சைக் கண்காணிப்புக்குத் தனிக் கட்டணக் குறியீடுகள் வந்தன. தொடங்கியபோது இருந்த நிபந்தனை, 30 நாளில் குறைந்தது 16 நாள் தரவு வந்திருக்க வேண்டும் என்பது. உடனே கருவிகள் 16 நாள் தரவு வரவைப்பதில் கவனம் செலுத்தும். அதனால் ஏதாவது நடந்ததா என்பது பின்னுக்குப் போகும். இந்தியாவில் பணத்தின் அளவே வேறு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் செயற்கை மூட்டுகளுக்கு உச்சவரம்பு வைத்தபோது, பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. மூட்டே அந்த விலைக்குக் கிடைக்கும் நாட்டில், மூன்று மாதத்துக்குக் கட்டிக்கொள்ளும் பட்டை பல்லாயிரம் ரூபாய் என்றால் யாரும் வாங்க மாட்டார்கள். மருத்துவமனை வாங்கி, நோயாளிக்கு நோயாளி கைமாற்றும் வாடகைப் பொருளாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். அப்படியென்றால் துணிப்பட்டை தனியே கழன்று வர வேண்டும், சென்சார் உறை கிருமிநாசினி தாங்க வேண்டும், முந்தைய நோயாளியின் தரவு ஒரே பொத்தானில் அழிய வேண்டும். விலையைப் பற்றிய ஒரு முடிவு, வடிவத்தின் ஒவ்வொரு மூலையையும் மாற்றிவிடுகிறது.

இலக்கு எண்ணும் இடத்துக்கு இடம் மாறும். நாற்காலி, கட்டில், மேற்கத்தியக் கழிப்பறையோடு வாழ 110 டிகிரி ஏறக்குறையப் போதும். சம்மணமிடவும் குந்தவும் அதைத் தாண்ட வேண்டும். குந்துவதற்கு 130க்கும் மேல். மூட்டு மாற்றியவர்களைத் தரையில் உட்கார வேண்டாம் என்றே நம் மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆனால் பூஜையறையில், கல்யாண வீட்டில், பேரக்குழந்தையின் பாயில் உட்காரும் ஆசையைச் செயலி கேட்பதே இல்லை. அது 120ஐ எட்டியதும் வாழ்த்துச் சொல்லும். அவர் மனதில் இருக்கும் கேள்வியோ, கோயிலில் தரையிலிருந்து யாரையும் பிடிக்காமல் எழ முடியுமா என்பது. அறுவைக்கு முன்பே, எதற்காக நடக்க விரும்புகிறீர்கள் என்று தமிழில், குரலால், கேட்டுப் பதிவு செய்து, முடியாததை அப்போதே பக்குவமாகச் சொல்லி, முடிவதை நோக்கிப் பயிற்சியை அடுக்கும் செயலியை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடைசியாக, கழற்றும் நாள். மாதச் சந்தா வாங்கும் கருவிக்கு நோயாளி தன்னை விட்டுப் போகாமல் இருப்பதே ஆதாயம். மறுவாழ்வுக்கு இது நேர் எதிர். வீட்டுக்குள் வாக்கர் இல்லாமல் நடக்கிறார், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுகிறார், இரண்டு கால்களும் ஏறக்குறைய ஒரே சுமையைத் தாங்குகின்றன என்று தெரிந்த நாளில், கருவியே, இனி என்னைக் கட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த நாள் எது என்று முன்கூட்டியே வரையறுத்து, முதல் நாளிலேயே நோயாளிக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் காட்டி, அதை நோக்கி எண்ணிக்கொண்டே போகும் திரை ஒன்றை வரைவதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கலாம். அந்த நாளைத் தீர்மானிக்க என்னென்ன தெரிய வேண்டுமோ, அவற்றுக்கு மட்டும் சென்சார் வைத்தால் போதும்.